பாதிக் கொடை ஒரே நாளில் நின்றபோது: நிதி திரட்டியதில் பட்டதும் படித்ததும்

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் வருடச் செலவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனம் கொடுத்துக்கொண்டிருந்தது. பல வருடமாகத் தவறாமல் வந்த பணம் என்பதால் அது நிற்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. திடீரென்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி வேறு துறைக்கு உதவப்போகிறோம், இதுவரை சேர்ந்து பணியாற்றியதற்கு நன்றி, அவ்வளவுதான். படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. இயன்முறைப் பயிற்சியாளர்கள், பேச்சுப் பயிற்சியாளர், குழந்தைகளை அழைத்து வரும் வண்டியின் ஓட்டுநர் எல்லோருக்கும் சம்பளம் அந்தப் பணத்திலிருந்துதான். பயிற்சி இரண்டு மாதம் நின்றால் தசைகள் எப்படி இறுகிப்போகும் என்பது அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. மற்ற அமைப்புகளில் இருப்பவர்கள் அன்பாகப் பேசினார்கள். ஆனால் கொடையாளர் விஷயம் என்று வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. அதன்பிறகு ஒரு வருடம் போல அலைந்து தெரிந்துகொண்டதை, இதே இடத்தில் நிற்கும் இன்னொருவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்த நிறுவனத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அறிகுறிகள் முன்பே இருந்திருக்கின்றன. எங்களோடு பேசிவந்த அதிகாரி வேறு வேலைக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் நேரில் வரும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் அறிக்கை அனுப்பினால் நாலு கேள்வி வரும், அந்த வருடம் ஒரு கேள்விகூட வரவில்லை. கொடுப்பவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிறுவனத்தில் ஒருவரோடு மட்டும் பழகாமல் குறைந்தது இரண்டு பேரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, விலகிப் போகும் கொடையாளரிடம் கடைசியாக ஒரு தொகை கேட்கலாம். வேறு ஏற்பாடு செய்துகொள்ளும்வரை தாங்குவதற்கு என்று அப்படித் தருகிற நிறுவனங்கள் உண்டு என்று ஒரு கணக்காளர்தான் எனக்குச் சொன்னார். கோபத்தில் இருந்தவள் அதை அடக்கிக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று மாதச் சம்பளத்துக்கான பணம் வந்தது. கோபத்தோடு எழுதியிருந்தால் அதுவும் வந்திருக்காது.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது. தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு அடுத்தவரையும் அப்படிச் செய்யச் சொல்லும் ஐஸ் வாளிச் சவால் மாதிரி ஒன்று வேண்டும் என்றார் ஒருவர். 2014இல் அந்தச் சவால், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகப் பணியாற்றும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டுமே சுமார் 11.5 கோடி டாலர் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் மறு வருடம் அதே சவாலை மறுபடி நடத்தியபோது அதில் மிகச் சிறு பங்குதான் வந்தது. அதை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கவும் இல்லை. நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் பிடித்துக்கொண்டு பரப்பியது அது. சம்பளத் தேதி நெருங்கும்போது அப்படி ஒன்று நடக்கும் என்று காத்திருக்க முடியாது. இதை அன்று எடுத்துச் சொல்ல என்னிடம் தகவல் இல்லை. கடைசியில் ஓர் இசை நிகழ்ச்சி என்று முடிவானது.

நாலு மாதம் அதற்கே போனது. அரங்குக்கு முன்பணம், ஒலி, ஒளி, அச்சு, அனுமதி, கலைஞர்களின் பயணம், தங்குமிடம். பாடுபவர்கள் பணம் வாங்கவில்லை, ஆனால் அவர்களோடு வந்த வாத்தியக்காரர்களுக்கும் ஒலியமைப்பாளருக்கும் இலவசமாக வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவர்களுக்கு அது பிழைப்பு. பத்துப் பத்து டிக்கெட்டாகக் கட்டி வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் நிகழ்ச்சிக்கு முதல் நாள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பயிற்சியாளர்கள் மாலையில் குழந்தைகளை அனுப்பிவிட்டு டிக்கெட் விற்கப் போனார்கள். நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது, வந்தவர்கள் நெகிழ்ந்துபோய்த்தான் போனார்கள். கணக்குப் பார்த்தபோது வந்ததில் பத்தில் ஏழு பங்கு செலவுக்கே சரியாகப் போயிருந்தது. மிஞ்சியது ஒரு மாதச் சம்பளத்துக்கும் போதவில்லை. ஊழியர்கள் செலவிட்ட நேரத்தையும் சேர்த்தால் கையைத்தான் கடித்தது. அன்று இரவு அந்தக் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு அழுதேன். பணம் போனதைவிட என்னை வருத்தியது இன்னொன்று: அரங்கில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் ஒருவரின் பெயரோ எண்ணோ எங்களிடம் இல்லை. மறுநாள் ஒரு நன்றி சொல்லக்கூட வழியில்லை.

நிகழ்ச்சி நடத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அரங்கு, ஒலி, அச்சு போன்ற நிலையான செலவு முழுவதையும் ஏற்க ஆள் கிடைத்த பிறகுதான் தேதியை அறிவியுங்கள். டிக்கெட் பணம் அப்படியே குழந்தைகளுக்குப் போக வேண்டும். இந்தத் தேதிக்குள் இவ்வளவு சேராவிட்டால் ரத்து என்று ஒரு நாளை முன்கூட்டியே குறித்து, அதைக் குழுவின் தீர்மானத்தில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்று யாரும் நிறுத்த விடமாட்டார்கள். ரத்து செய்தால் அரங்கின் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே படியுங்கள். ஊழியர்களின் நேரத்தையும் செலவு என்றே எழுதுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, இனி எங்களிடமிருந்து செய்தி வரலாமா என்று கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள். நிதி திரட்ட யார் எந்த யோசனை சொன்னாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: முடிந்த பிறகு எத்தனை பேரோடு நாம் பேச முடியும்?

அந்தச் சமயத்தில்தான் பழைய ரசீதுப் பதிவேடுகளை எடுத்து மேசையில் போட்டேன். பக்கம் பக்கமாக 'நலம்விரும்பி' என்று இருந்தது. சில பெயர்களுக்கு எண் இல்லை, சில எண்களுக்குப் பெயர் இல்லை. ஒரே ஆள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக இருந்தார். எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிப் பார்த்தபோதுதான் ஒரு முறை கொடுத்துவிட்டு மறுபடி வராதவர்களே அதிகம் என்று தெரிந்தது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. அமெரிக்காவில் ஃபண்ட்ரெய்சிங் எஃபெக்டிவ்னஸ் ப்ராஜெக்ட் என்ற திட்டம் ஆயிரக்கணக்கான அமைப்புகளின் கணக்கைத் தொகுத்துப் பார்க்கிறது. ஒரு வருடம் கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மறு வருடமும் கொடுக்கிறார்கள் என்றுதான் அதில் தொடர்ந்து வருகிறது. முதல் முறையாகக் கொடுத்தவர்களில் திரும்பி வருபவர்கள் அதைவிடவும் குறைவு. புதியவர்களைத் தேடி நாங்கள் இசை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோது, எங்களை ஏற்கெனவே நம்பியவர்கள் அந்தப் பதிவேட்டில் கிடந்திருக்கிறார்கள்.

எண் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பணம் கேட்பதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். முன்பு கொடுத்ததற்கு நன்றி, இப்போது இங்கே இன்னது நடக்கிறது, எங்களைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா, இவ்வளவுதான். ஒரு வயதான அம்மா பல வருடமாகத் தன் கணவரின் நினைவு நாளன்று பணம் அனுப்பிவந்தவர், பிறகு நிறுத்திவிட்டார். நான் யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவர் பேர்ல ரசீது போடுங்கன்னு ஒவ்வொரு தடவையும் எழுதித்தான்மா அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் என் பேர்லயே வந்துச்சு. எனக்கு எதுக்கும்மா ரசீது? அவர் பேர் ஒரு இடத்துல இருக்கட்டும்னுதானே கொடுத்தேன்." பதிவேட்டைப் பார்த்தேன். பணவிடைத் தாளின் ஓரத்தில் அவர் எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டிவைத்திருந்தார்கள். யாரும் படிக்கவில்லை. அந்தப் பழைய ரசீதுகள் ஒவ்வொன்றோடும் வைத்துக்கொள்ள, அவருடைய கணவர் பெயரைப் போட்டு, நினைவாகப் பெறப்பட்டது என்று ஒரு கடிதம் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டப்படி ரசீது பணம் கொடுத்தவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதால் கடிதம் தனி, ரசீது தனி. இப்போது எங்கள் படிவத்தில் 'யார் நினைவாக' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

மற்றவர்களும் ஏறக்குறைய இதே மாதிரிக் குறைகளைத்தான் சொன்னார்கள். ரசீது மூன்று மாதம் கழித்து வந்தது என்றார்கள். பணம் தேவைப்படும்போது மட்டும்தான் எங்கள் குரல் கேட்கிறது என்றார் ஒருவர். பிடித்துக்கொண்டு நடக்க உதவும் நடைபயிற்சிச் சட்டம் (வாக்கர்) ஒன்று வாங்கித் தந்தவர், "அந்தப் பையன் இப்ப நடக்கிறானா?" என்று கேட்டார். பையன் அதைப் பிடித்து நடந்து பழகி, வளர்ந்து, சட்டம் சிறிதாகிவிட்டதால் அது வேறொரு குழந்தைக்கே போய்விட்டது. இவருக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்களிடம் நேரம் இல்லாமல் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் போயிருக்கிறது. அப்போதிருந்து நடைமுறையை மாற்றினோம். பணம் வந்த இரண்டு நாளில் ரசீது போகும். ஒரு வாரத்துக்குள் குழந்தைகளோடு இருக்கும் பயிற்சியாளர் யாராவது இரண்டு வரி குரல் செய்தி அனுப்புவார். சில வாரம் கழித்து, பணம் கேட்காமல், அந்தப் பணம் என்ன ஆனது என்று ஒரு தகவல் போகும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் முதலில் ஏன் கொடுத்தார், எந்த நாள் அவருக்கு முக்கியம், போனில் பேசலாமா கடிதம்தான் பிடிக்குமா என்று எழுதிவைக்கிறோம்.

நன்றி சொன்னால் பணம் தானாகக் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களின் லட்சக்கணக்கான கொடையாளர்களை வைத்து அன்யா சமெக், சக் லாங்ஃபீல்ட் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். நன்றி சொல்லிப் போன் வந்த கொடையாளர்கள், வராத கொடையாளர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். பிறகு கொடுத்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. படித்தபோது எனக்குச் சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் நான் கூப்பிட்டதால் எனக்குக் கிடைத்தது வேறு. எங்கே ஓட்டை இருக்கிறது என்று கொடையாளர்கள் வாயாலேயே தெரிந்தது. ஆகவே எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொல்லி யாரையும் அமர்த்தாதீர்கள். சரிசெய்யும் அதிகாரம் உள்ள ஒருவரே பேசட்டும், அவர் கையில் பேனாவும் இருக்கட்டும்.

இனி எங்களுக்குப் பலன் தந்த யோசனைகள். 2003இல் மெல்பர்னில் 30 ஆண்கள் மீசை வளர்த்ததில் தொடங்கியதுதான், ஆண்களின் உடல்நலத்துக்கு நிதி திரட்டும் மூவெம்பர் இயக்கம். சுத்தமான குடிநீருக்காகப் பணியாற்றும் சாரிட்டி வாட்டர் அமைப்பின் நிறுவனர் ஸ்காட் ஹாரிசன் 2007இல் தன் 32ஆவது பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், 32 டாலர் கொடுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டார், அதன்பிறகு பிறந்தநாளைக் கொடுப்பதே அந்த அமைப்பின் வழக்கமாகிவிட்டது. இரண்டிலும் கேட்பவர் தனக்குத் தெரிந்தவர்களிடம்தான் கேட்கிறார். எங்களிடம் பயிற்சிக்கு வரும் ஒரு சிறுவனின் அக்கா, பள்ளி மாணவி, தான் படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு தொகை தரச் சொல்லி உறவினர்களிடம் வாக்கு வாங்கினாள். விடுமுறை முழுக்கப் படித்துத் தள்ளினாள். வாக்குக் கொடுத்த மாமாக்கள் கொஞ்சம் பயந்தே போனார்கள், ஆனாலும் சொன்னபடி கொடுத்தார்கள். செலவு என்று ஒன்றுமே இல்லை, கூடவே அத்தனை பேரின் முகவரியும் கிடைத்தது. அவர்களில் சிலர் இன்று மாதக் கொடையாளர்கள்.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது 'ஒரு மணி நேரம்'தான். கொடுப்பவர்கள் எல்லோருக்கும் சக்கர நாற்காலி வாங்கித் தரத்தான் ஆசை. கிடங்கில் நாற்காலிகள் பிரிக்காமலே கிடந்தன, பயிற்சியாளருக்குச் சம்பளம் இல்லை. சம்பளத்துக்கு என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால் வாடகை, வண்டி, கருவித் தேய்மானம், கணக்கெழுதும் செலவு எல்லாம் சேர்த்து, ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரப் பயிற்சி தர உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டோம். மாதம் ஒரு மணி நேரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பயிற்சியாளரே எழுதினார்: எப்படி விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறார், பென்சில் நழுவாமல் பத்து நொடி நிற்க எத்தனை வாரம் ஆகிறது. குறிப்பிட்ட குழந்தையைக் குறிப்பிட்ட கொடையாளரோடு முடிச்சுப் போடவில்லை. அவர் நிறுத்தினால் அந்தக் குழந்தையின் பயிற்சி நிற்கக் கூடாது, அவரும் 'என் குழந்தை' என்று உரிமை கொண்டாட இடம் இருக்கக் கூடாது. தொகை சிறிதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். 1885இல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் நின்றபோது ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில், எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாகச் சொன்னார். ஐந்தே மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலரோ அதற்கும் குறைவாகவோ கொடுத்தவர்கள்.

இதற்கான அறிவிப்பு தயாரித்தபோது ஒரு குழந்தையின் முகத்தைப் போடலாம் என்றார்கள். அதில் பலன் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு சிறுமியின் கதையைக் கேட்டவர்கள் புள்ளிவிவரத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோது கொடை குறைந்தது. ஆனால் படத்துக்கு அனுமதி கேட்டபோது ஒரு தாய் சொன்னார்: "கதையைச் சொல்லுங்க மேடம், முகம் வேண்டாம். நாளைக்கு இவனே பெரியவனாகிப் பார்ப்பான்." அதற்கு மேல் நான் பேசவில்லை. பென்சில் பிடித்திருக்கும் கையை மட்டும் படமெடுத்தோம், பெயரை மாற்றினோம், வெளியிடும் முன் அந்தத் தாயிடம் படித்துக் காட்டினோம். இனி அனுமதி எப்போதும் எழுத்தில்தான், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியோடு. அனுமதி தராத குடும்பத்துக்குப் பயிற்சியில் ஒரு நிமிடம்கூடக் குறையாது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறோம். இதைச் சொல்லாவிட்டால் அவர்கள் பயந்துகொண்டு சம்மதிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஒரு தொழிலதிபர், பிறர் கொடுப்பதற்கு மூன்று மடங்கு நான் சேர்த்துத் தருகிறேன் என்று முன்வந்தார். பெரிய மனசு. ஆனால் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரின் 2007 ஆய்வை அப்போது படித்திருந்தேன். 50,000 பேருக்கு மேல் கடிதம் போட்டுப் பார்த்ததில், இணைத் தொகை உண்டு என்று சொன்னாலே ஒரு கடிதத்துக்கு வரும் பணம் 19 சதவீதம் கூடியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றியதால் மேலும் கூடவில்லை. அதனால் அவரிடம், "ஐயா, சமமாகக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றேன். ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை என் பக்கத்திலிருந்து: மற்றவர்கள் கொடுக்காவிட்டால் அவர் பணமும் வராது என்பது நிஜமாகவே இருக்க வேண்டும். எப்படியும் தரப்போகும் பணத்தை அப்படிச் சொல்லிக் கேட்பது ஏமாற்று.

எல்லாப் பணத்தையும் வாங்கவும் இல்லை. ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொல்லி, விருந்தினர்களோடு வரும்போதெல்லாம் குழந்தைகள் வரிசையாக நின்று வரவேற்க வேண்டும் என்றார். நிற்கவே போராடும் பிள்ளைகள் அவர்கள். வேண்டாம் என்று சொல்லும்போது எனக்குக் கை நடுங்கியது, அந்த மாதம் சம்பளத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. எந்தக் கொடையை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று ஒரு பக்கத்தில் முன்பே எழுதிக் குழுவிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். அப்போது மறுப்பது உங்கள் தனிப்பட்ட முடிவாக இருக்காது, குழுவிலும் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இணையவழித் திரட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்தின் கட்டணம் எவ்வளவு, பணம் கைக்கு வர எத்தனை நாள், கொடுத்தவர்களின் விவரம் நமக்குக் கிடைக்குமா என்ற மூன்றையும் சேரும் முன் கேளுங்கள். வெறுமையான பக்கத்தில் முதல் ஆளாகக் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். தெரிந்தவர்களிடம் சொல்லி ஒரு பகுதி சேர்ந்த பிறகு பொதுவில் பகிருங்கள்.

இப்போது எந்த ஒரு கொடையாளரின் பங்கும் எங்கள் செலவில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். இன்னும் முழுதாக அங்கே வந்து சேரவில்லை, ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பும் பாதிதான் சேர்ந்திருக்கிறது. தற்போது செய்துகொண்டிருப்பது, என் போனிலும் என் தலையிலும் இருக்கும் கொடையாளர் விவரங்களை எல்லாம் பொதுப் பதிவேட்டுக்கு மாற்றுவது. அலுவலகத்தில் இருவர் பழகி வருகிறார்கள். வாரம் ஒரு நாள் கொடையாளர்களை அவர்கள்தான் கூப்பிடுகிறார்கள், நான் பக்கத்து அறையில் வேறு வேலை பார்க்கிறேன்.